அந்தரம்

வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது.
மூன்று பேர் பதிந்திருக்கும் வீட்டில்
ஏழு பேரின் தண்ணீர் ஓடியிருக்கிறதாம்.
வேறு யாரும் தங்கியிருக்கிறார்களா என்று
மரியாதையான ஜெர்மனில் கேட்டிருந்தார்கள்.

அத்தான் கடிதத்தை நாலாய் மடித்துச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
"வெளியில கதைக்காதை, தம்பி.
பிருந்தாவுக்கு நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி..."

பிருந்தாவுக்குப் பதினாலு வயது.
எங்கே புறப்பட்டாலும்
முக்கால் மணி முன்னதாகவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு
வாசலில் பாடப் புத்தகத்தோடு குந்தியிருக்கப் பழகியவள்.
உள்ளே அக்கா கை கழுவுவாள்.
கழுவிய கையால் திறந்த குழாயைக் கழுவுவாள்.
குழாயைத் தொட்ட கையை.

பங்குனியில் அவள் வேறொருத்தி.
மூன்று இரவு நித்திரையில்லாமல் பதினொரு சட்டை தைத்து
விடியப்புறம் எனக்கு அடித்தாள்:
"கடை திறக்கப்போறன், இடமும் பார்த்திட்டன்!"
அந்தச் சிரிப்பை நம்பி நானும்
ஐந்நூறு யூரோ கொடுத்தேன்.
கார்த்திகையில் பதினொன்றும் பையோடு கிடந்தன.
அவளும் கிடந்தாள்,
சுவர்ப் பக்கம் திரும்பி.

கண்ணூறு என்றார்கள். செய்வினை என்றார்கள்.
ஹம் கோயிலுக்குக் கூட்டிப்போனோம்.
ஒன்பது முறை சுற்றச் சொன்னார் ஐயர்.
ஆறா ஏழா என்று அக்காவுக்குச் சந்தேகம் வந்தது.
முதலிலிருந்து தொடங்கினாள்.
திரும்பவும் தொடங்கினாள்.
நடை சாத்தும்வரை சுற்றினாள்.
"என்ன ஒரு பக்தி" என்றார் பக்கத்தில் நின்றவர்.

பதினாறு மனநல மருத்துவர்களுக்கு அடித்தேன்.
செவ்வாய் மட்டும், பத்திலிருந்து பத்தே முக்கால்வரை.
இரவு வேலை முடிந்து, பாண் மணக்கும் உடுப்போடு,
காத்திருப்போருக்குப் போடும் இசையில்
தூங்கிப்போயிருக்கிறேன்.
புதியவர்களை எடுப்பதில்லை.
ஏழு மாதம் செல்லும்.
உயிருக்கு ஆபத்தா? ஆம், இல்லை, ஒன்றைச் சொல்லுங்கள்.
ஆம் என்று பொய் சொல்ல ஒருநாள் வாய் உன்னியது.
பொய்தானா என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

பதினேழாவது, பார்மனில்.
யாரோ வராமல் விட்ட நேரம் எங்களுக்கு.

மொழிபெயர்ப்பாளர் தொலைபேசிக்குள் இருந்தார்,
மேசை நடுவில், மதுரைப் பக்கத்துக் குரலாக.
"சொல்லுங்கம்மா, என்ன செய்யுது?"
அக்கா கைப்பையின் சிப்பைத் திறந்தாள், பூட்டினாள், திறந்தாள்.
"எனக்கு அந்தரமாக் கிடக்கு."

எங்களுக்கு அந்தரம் என்றால்
அடுப்பில் பால் பொங்கும்போதே
கதவையும் யாரோ தட்டுவது.
அந்தக் குரலுக்கு அது ஆகாயம்.
அப்படியே ஜெர்மனுக்குப் போனது:
இவர் காற்றில் தொங்குகிறாராம்.

திருத்த வாயெடுத்தேன்.
டாக்டர் ஹோல்ட்கம்ப் சிரிக்கவில்லை.
பேனையை வைத்துவிட்டு ஏதோ கேட்டார்.
கேள்வி திரும்பி வந்தது:
"எவ்வளவு நாளா அந்தரத்துல தொங்குறீங்கன்னு கேக்குறாங்க."

சிப் நின்றது.
"பிருந்தா பிறந்த கிழமையிலயிருந்து.
பிள்ளையை நானே என்னவும் செய்துபோடுவனோ எண்டு பயம்.
கழுவினா ஒண்டும் செய்யமாட்டன்."

பதினாலு வருசம்.
அந்தப் பிள்ளையின் தொட்டிலை
முடுக்கி முடுக்கிப் பூட்டிக் கொடுத்தவன் நான்.
ஆடுதா பார், ஆடுதா பார் என்று அவள் கேட்டுக்கொண்டேயிருந்ததை
பகிடியாய் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன்.

திரும்பும்போது தொங்கு ரயில்.
காலுக்குக் கீழே வுப்பர் ஆறு,
எந்தக் கட்டணச் சீட்டிலும் வராத தண்ணீர்.

அடுத்த தவணை பத்தொன்பதாம் திகதி, இரண்டே கால்.
அக்கா பேனையைத் தன் உள்ளங்கைக்குக் கொண்டுபோய்
எடுத்துவிட்டாள்.
"என்ர கையில நிக்காது. உன்ரயைத் தா."
எழுதினாள்.
வடிவாயில்லை என்று அதன்மேல் எழுதினாள்.
ஒன்பதின் வால் சரியில்லை என்று இன்னொருமுறை.
பேனை முனை தோலைக் கிண்டியது.
நான் கையை இழுக்கவில்லை.

இரவு பத்துக்கு வேலை.
மாவைத் தொடமுன்
முப்பது வினாடி கை கழுவ வேண்டுமென்று
சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.